கையெழுத்தும் கைகழுவலும்

சமரசம்! இந்தச் சொல் செவியில் விழுந்ததும் முகம் சுளிக்கும் தோழர்கள் நம்மிடையே பலர். சமரசம் பேசுபவன் சோர்ந்து போனவன். விட்டுக் கொடுப்பவன் விலை போனவன். வீரன் என்றால் முறிவானேயன்றி வளையமாட்டான் என்றொரு எண்ணம் இளைஞர் உள்ளத்திலே இடம் பிடித்திருக்கிறது. மற்றொரு புறம் பார்த்தால், வாக்குறுதி என்ற சொல்லைக் கேட்டதுமே வாய்விட்டுச் சிரிக்கும் கூட்டம். "தலைவர்கள் தரும் வாக்குத்தானே, நீர்மேல் எழுத்து!" என்று கேலி பேசிவிட்டுப் போய்விடுகின்றனர். அந்தச் சுளிப்பும் இந்தச் சிரிப்பும் இரட்டைப் பிள்ளைகள் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? வாக்குக் காக்கப்படாத நாட்டிலேதான் சமரசம் இழிசொல் ஆகிறது. கொடுத்த சொல் நிற்காது என்று தெரிந்த பிறகு, பேசி முடிப்பதிலே யாருக்குத்தான் நம்பிக்கை பிறக்கும்?

நாம் சொல்கிறோம்: சமரசம் இழிவன்று. செய்துகொண்ட சமரசத்தைக் கைகழுவுவதே இழிவு. கையெழுத்திடுவதற்கு வேண்டிய துணிவைவிட, இட்ட கையெழுத்தைக் காப்பதற்கு வேண்டிய துணிவு பன்மடங்கு பெரிது. அத்துணிவு இல்லாத தலைவர்களால் ஒரு நாடே எரிந்த கதையைத் தனுஷ்கோடிக் கரையில் நின்று சொல்வதற்கு நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு.

தனுஷ்கோடி என்றால் வில்லின் முனை. இலங்கைக்குக் கட்டிய பாலத்தை, காரியம் முடிந்ததும், இராமன் தன் வில்முனையால் உடைத்தான்; அதனால் வந்த பெயர் இது என்கிறது புராணம். கட்டிய கதையையும் நாம் நம்பவில்லை. உடைத்த கதையையும் நம்பவில்லை. ஆனால், கட்டிய கையே உடைத்ததைப் பெருமையாகப் பேசி, உடைத்த இடத்தைப் புனிதமாக்கி, அங்கே மூழ்கி எழுந்தால் பாவம் தொலையும் என்று மக்களுக்குக் கற்பித்தார்களே, அந்த மனப்போக்கை எண்ணிப் பாருங்கள். 'காரியம் முடிந்தது, இனிப் பாலம் எதற்கு?' வாக்கை மீறுகிற அத்தனை பேருடைய வேதாந்தமும் இந்த ஒற்றை வரிதான்!

புராணப் பாலம் கற்பனை. வரலாற்றுப் பாலம் உண்மை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. எழும்பூரில் 'போட் மெயில்' ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போனார். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல், பாம்பனிலிருந்து வந்த பயணி வண்டியை நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு விழுங்கியது; ஊரையும் துறையையும் மணலாக்கியது. இடிந்து நிற்கும் மாதா கோயிலையும் ரயில் நிலையத்தையும் காண இன்றும் ஆயிரக்கணக்கில் வருகின்றனர். கடலும் காற்றும் செய்த அழிவு கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், அக்கரையிலே மனிதர் உடைத்த ஒரு வாக்கின் அழிவோ, கல்லாகவும் சுவராகவும் நிற்கவில்லை. மண்டபம் முகாமில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரின் வாழ்க்கையாக நிற்கிறது. அக்கரையில் ஒரு தாள் கிழிந்தால், இக்கரையில் ஒரு முகாம் எழுகிறது. இதுவே இக்கடற்கரை கற்ற பாடம்.

கேளுங்கள் அந்தக் கதையை. 1956 தேர்தலில், சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்ற முழக்கத்தோடு வென்று பிரதமரானார் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயகா. தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதை எதிர்த்துக் காலிமுகத் திடலிலே அறவழியில் அமர்ந்த தமிழர் தலைவர்களைக் குண்டர் கூட்டம் அடித்து விரட்டிற்று. இலங்கைத் தமிழரசுக் கட்சி கூட்டாட்சி கேட்டது. மொழிச் சமத்துவம் கேட்டது. ஓராண்டுக் கெடு வைத்தது. மீண்டும் சத்தியாக்கிரகத்துக்கு ஆயத்தமானது. மோதல் மூளும் என்று நாடே நடுங்கிய வேளையில், இரு தலைவர்கள் ஒரு மேசையிலே அமர்ந்தனர். 1957 ஜூலை 26 அன்று பிறந்தது பண்டா–செல்வா ஒப்பந்தம்.

யார் எதை விட்டுக் கொடுத்தார்? எஸ். ஜே. வி. செல்வநாயகம் கூட்டாட்சிக் கோரிக்கையை அந்த மேசையிலே வற்புறுத்தவில்லை; தனிச் சிங்களச் சட்டம் அன்றே நீங்க வேண்டும் என்று பிடிவாதம் செய்யவில்லை; அறிவித்த போராட்டத்தை நிறுத்தினார். பண்டாரநாயகாவோ, வடக்குக் கிழக்கில் பிரதேச சபைகளுக்கு இசைந்தார். வேளாண்மை, நிலக் குடியேற்றம், கல்வி, மீன்வளம் முதலானவற்றில் அச்சபைகளுக்கு அதிகாரம் தர இசைந்தார். அம்மாகாணங்களின் நிர்வாகம் தமிழில் நடக்க இசைந்தார். இருவரும் தத்தம் இல்லத்தாரிடம் ஏச்சு வாங்கினர். காட்டிக் கொடுத்தார் என்று செல்வநாயகத்தைத் தமிழர் சிலர் தூற்றினர். நாட்டை விற்றார் என்று பண்டாரநாயகாவைச் சிங்களவர் சிலர் தூற்றினர். இருபுறமும் ஏச்சு வாங்கிய உடன்பாடு பெரும்பாலும் நல்ல உடன்பாடாகவே இருக்கும். ஒருபுறம் மட்டும் கைதட்டல் எழுந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

பிறகு நடந்தது என்ன? எதிர்க்கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்த்தனா, ஒப்பந்தத்தை எதிர்த்து 1957 அக்டோபரில் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். பேருந்து எண் தகட்டிலே சிங்களச் 'சிறீ' எழுத்து வடக்கே வந்ததும், அதைத் தார் பூசி அழிக்கும் கிளர்ச்சி மூண்டது. தெற்கிலே தமிழ் எழுத்துகள் தார் பூசப்பட்டன. 1958 ஏப்ரல் 9. பிக்குகள் நூற்றுக்கணக்கில் திரண்டு பிரதமரின் இல்லத்து வாயிலிலே அமர்ந்தனர். ஒப்பந்தத்தைக் கைவிடு என்றனர். கைவிட்டேன் என்றார். வாய்ச்சொல் போதாது, எழுதிக் கொடு என்றனர். எழுதியும் கொடுத்தார்! காவியுடுத்தோரின் கூச்சலுக்கு அஞ்சி, தாம் இட்ட கையெழுத்தைத் தாமே இன்னொரு கையெழுத்தால் அழித்தார் நாட்டின் பிரதமர்.

அந்த ஆண்டு மே மாத இறுதியில் இனக் கலவரம் வெடித்தது. 1959 செப்டம்பரில் பண்டாரநாயகாவையே ஒரு பிக்கு சுட்டுக் கொன்றார். மதவெறிக்கு அஞ்சி வாக்கைப் பலி கொடுத்தால், மதவெறி அத்தோடு நிறைவடைந்து வீடு திரும்பிவிடும் என்று எண்ணுவோர் இந்த ஒரு நிகழ்ச்சியை உற்று நோக்கட்டும். பலி கேட்ட பூதம் பலி கொடுத்தவரையே கேட்டது!

திருந்தினார்களா? 1965 மார்ச் 24இல் அதே செல்வநாயகத்தோடு டட்லி சேனநாயகா ஓர் ஒப்பந்தம் செய்தார். பிரதேச சபைக்குப் பதில் மாவட்ட சபை என்று இன்னும் ஒரு படி கீழிறங்கி வந்தார் செல்வநாயகம். அமைச்சரவை அமைக்கத் துணை கிடைத்தது டட்லிக்கு. இம்முறை எதிர்ப்பணியின் முன்வரிசையிலே நின்றது பண்டாரநாயகா தோற்றுவித்த கட்சி! 1968இல் மாவட்ட சபை முயற்சி கைவிடப்பட்டது. ஆட்சியிலிருந்தால் ஒப்பந்தம், எதிர்க்கட்சி என்றால் ஓலம். இரு பெருங்கட்சிகளும் மாறி மாறி ஆடிய ஆட்டம் இது. 1976இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது: இனித் தனி நாடே வழி! இருபதாண்டு மேசையிலே அமர்ந்து பேசிய அதே செல்வநாயகத்தின் தலைமையில் அது வந்தது என்பதை மறக்கலாகாது.

1987 ஜூலை 29. இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்கீழ் மாகாண சபைகள் அமைக்க இசைந்து கையெழுத்திட்டார் இலங்கைக் குடியரசுத் தலைவர். யார் அவர்? முப்பதாண்டுகளுக்கு முன் பிரதேச சபை கூடாது என்று கண்டிக்கு நடக்கக் கிளம்பிய அதே ஜெயவர்த்தனா! முப்பதாண்டு, 1983இன் கொடுமை, எரிந்த வீடுகள், கடல் தாண்டி இக்கரையில் வந்திறங்கிய ஏதிலிகள். இத்தனைக்கும் பிறகு, 1957இல் கத்தியின்றி இரத்தமின்றிக் கிடைத்த இடத்துக்கே சுற்றி வந்து சேர்ந்தது அந்நாடு. அதற்குள் காலம் கடந்துவிட்டது. போர் 2009 மே வரை ஓயவில்லை. நிலம், காவல்துறை தொடர்பாக 1987இன் 13ஆம் திருத்தம் எழுதிவைத்த அதிகாரங்களோ முழுமையாகக் கைம்மாறவே இல்லை.

தோழர்களே! ஒப்பந்தம் கிழியும்போது கிழிவது காகிதமன்று. எதிர்த்தரப்பிலே நம்மோடு பேசலாம் என்று தன் மக்களிடம் வாதாடியவன் இருக்கிறானே, அவன் நாக்கு கிழிகிறது. "பேசித்தான் பார்ப்போமே" என்று இனி அவன் தன் வீட்டுத் திண்ணையிலேகூடச் சொல்ல முடியாது. சமரசவாதியைப் பொய்யனாக்கிய கை, ஆயுதம் ஏந்தியவனைத் தீர்க்கதரிசி ஆக்கிவிடுகிறது. இதை எல்லா ஆதிக்கக்காரர்களும் மறக்கின்றனர், பிறகு, "இளைஞர்கள் ஏன் இப்படி வெறிகொண்டனர்?" என்று வியக்கின்றனர்!

அப்படியானால், கையெழுத்தான உடன்பாடு எல்லாமே போற்றத் தக்கதா? அன்று. 1964 அக்டோபர் 30இல் சிறீமாவோ பண்டாரநாயகாவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டைப் பாருங்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர், 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர், 9,75,000 பேர் என்று கணக்கிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றனர். பத்தாண்டு கழித்து அந்த எச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தனர். பாகப்பிரிவினையில் பசுவையும் பானையையும் பிரிப்பது போல மனிதரைப் பிரித்தனர்! அந்த மக்களை யார் கேட்டார்? ஒப்பமிட்ட இரண்டு மாதத்துக்குள் தனுஷ்கோடித் துறை அழிந்தது. ஆயினும் கப்பல்கள் இராமேசுவரத்துக்கு வந்தன. பிறந்த மண்ணை விட்டு, பார்த்தறியாத 'தாயக'த்திலே இறக்கப்பட்டனர் உழைப்பாளர்.

கச்சத்தீவின் கதையும் இதுவே. 1974 ஒப்பந்தம் தீவை இலங்கையின் எல்லைக்குள் வைத்தது. ஆயினும் இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அங்குச் செல்லலாம், பயண ஆவணம் வேண்டா என்றொரு பிரிவு இருந்தது. 1976 மார்ச்சில், நெருக்கடி நிலை நடந்த காலத்தில், தமிழ்நாட்டின் ஆட்சி கலைக்கப்பட்டிருந்த நாளில், இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், இலங்கைக் கடற்பரப்பில் இந்தியர் மீன்பிடிப்பதை நிறுத்தின. மீனவனைக் கேட்டார் உண்டா?

ஆகவே அளவுகோல் ஒன்று வேண்டும் நமக்கு. சமரசத்தின் விலையை யார் செலுத்துகிறாரோ, அவர் மேசையிலே இருந்தாரா? கோரிக்கையின் அளவு குறைந்ததா, அல்லது மனித உரிமையே விற்கப்பட்டதா? காலவரையும் பொறுப்பாளரும் எழுத்திலே உண்டா? இம்மூன்றுக்கும் விடையிருந்தால் அது சமரசம். இல்லையேல் அது பேரம். இராமாயணத்துத் தசரதனை வாக்குத் தவறாதவன் என்று கதாகாலட்சேபத்திலே புகழ்கின்றனரே, அவன் வாக்கை நம் அளவுகோலிலே வைத்துப் பாருங்கள்! எதைக் கேட்டாலும் தருவேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்; விலையைச் செலுத்தியவர் வேறு யாரோ. வாக்குப் புனிதமாவது, தெய்வம் சாட்சியாக இருப்பதால் அன்று. அதை நம்பி ஒரு மனிதன் தன் வாழ்வை அமைத்துக்கொள்கிறான் என்பதால்.

வாய்மொழியை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதை நம் மொழிப் போரும் காட்டியிருக்கிறது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரையில் ஆங்கிலம் தொடரும் என்று 1959இல் நாடாளுமன்றத்திலே உறுதியளித்தார் பிரதமர் நேரு. 1963 ஆட்சிமொழிச் சட்டமோ 'தொடரலாம்' என்றது. 'தொடரலாம்' வேண்டா, 'தொடரும்' என்று எழுதுக என்று தென்னகம் கேட்டது. ஓரெழுத்துச் சண்டை என்று நகைத்தனர். 1964இல் நேரு மறைந்தார், 1965 ஜனவரி 26 வந்தது, தமிழகம் கொந்தளித்தது, மாணவர்கள் குருதி சிந்தினர். 1967இன் திருத்தச் சட்டத்திலேதான் அந்த உறுதிமொழி சட்ட உரு பெற்றது. நல்லவர் ஒருவரின் நாவிலே இருக்கும் வாக்கு அவர் மூச்சோடு போய்விடும். சட்டத்திலே ஏறிய வாக்குதான் அடுத்தவரையும் கட்டும்.

இதுவரை பிறரை நோக்கி நீட்டிய அளவுகோலை இனி நம் கரையிலும் வைத்துப் பார்ப்போம், அதுதான் பகுத்தறிவு. பாக் நீரிணையில் விசைப்படகுகளின் இழுவை மடி கடலடியையே வாரிக்கொண்டு வருகிறது. குஞ்சும் முட்டையும் மிஞ்சுவதில்லை. போர்க்காலம் முழுதும் கடலுக்குப் போகத் தடைப்பட்டுக் கிடந்த யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர், போர் முடிந்து வலை வீசியபோது, அந்த வலையை அறுத்துச் சென்றவை எந்தப் படகுகள்? இக்கரைத் தமிழர் படகுகள்! 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவரும் தமிழ்நாட்டிலே கூடிப் பேசினர். ஓராண்டுக்குள் இழுவை மடியை ஒழிப்பது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும் கட்டுப்பாட்டோடு தொழில் செய்வது என்று உடன்பட்டனர். மேசையில் அமர்ந்தவர்கள் விலை செலுத்துவோரே, காலவரையும் இருந்தது. ஆனால் அரசுகளின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இழுவை மடியும் நிற்கவில்லை. 2017இல் ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. 2000 இழுவைப் படகுகளை மாற்றுவோம் என்றனர். கட்டப்பட்டவை மிகச் சிலவே.

இலங்கைக் கடற்படை நம் மீனவரைச் சுட்டதையும் சிறையிட்டதையும் படகுகளைப் பறித்ததையும் நாம் கண்டிக்கிறோம், என்றும் கண்டிப்போம். வகுப்பிலே நம் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேரின் தந்தைமார் கூலிக்குப் படகேறுவோர். சிறைக்குப் போவது கூலியாளே, முதலாளி அல்லர் என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும், ஈழத் தமிழருக்காக மேடையிலே கண்ணீர் வடித்துவிட்டு, இரவிலே அவர் வலையை அறுப்பதற்கு நியாயம் பேச நம்மால் இயலாது. பண்டாரநாயகா ஒப்பந்தத்தைக் கிழித்தது வஞ்சகம் என்றால், கூடிப் பேசிய சொல்லை நாம் காற்றிலே விடுவதற்குப் பெயர் என்ன?

முடியாத செயலா இது? இதே கடலில் முடிந்திருக்கிறதே! 1970களில் விசைப்படகினருக்கும் நாட்டுப்படகினருக்கும் மூண்ட மோதல்களுக்குப் பின் ஓர் ஏற்பாடு பிறந்தது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு. நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. மீறல் இல்லாமல் இல்லை; சண்டை வராமலும் இல்லை. ஆயினும் தலைமுறை கடந்து நிற்கிறது அந்த ஏற்பாடு. எந்தத் தெய்வமும் அதற்குக் காவல் நிற்கவில்லை. இன்று நான் மீறினால் நாளை அவன் மீறுவான், நாளை மறுநாள் இருவர் வீட்டிலும் அடுப்பு எரியாது என்ற அறிவே காவல். ஏட்டறியா மீனவர் காத்த ஒழுங்கை, பட்டம் பெற்ற அமைச்சர்களால் காக்க முடியாதா?

வாழ்க்கையிலும் இதுவே நெறி. கோயில் உண்டியலுக்கு முடிந்து வைத்த காசை எடுத்து அரிசி வாங்க அஞ்சுகிறான் ஒருவன். "பத்தாவது முடித்ததும் கல்லூரிக்கு அனுப்புகிறேன்" என்று மகளுக்குச் சொன்ன சொல்லை மாப்பிள்ளை வந்ததும் மறக்க அவன் அஞ்சுவதில்லை. கல்லுக்குக் கொடுத்த வாக்குக் கடனாகிறது. கண்ணெதிரே நிற்கும் பெண்ணுக்குக் கொடுத்த வாக்குக் காற்றாகிறது! சாமி கண்ணைக் குத்தும் என்ற அச்சம் ஒழுக்கமாகாது. நம்பியவர் முகத்தை நாளை எப்படிப் பார்ப்போம் என்ற நாணமே ஒழுக்கம். சுயமரியாதைத் திருமணத்திலே புரோகிதரையும் தீயையும் விலக்கினோம். ஒருவர்க்கொருவர் தரும் ஒப்பந்தமொழியை மட்டும் வைத்துக்கொண்டோம். ஏன்? இரு மனிதரின் சொல்லுக்கு இரு மனிதரே போதும் என்பதால். அந்தச் சொல்லையும் காக்காவிட்டால், நாம் விலக்கியதற்கு என்ன பொருள்?

இளைஞர்களே! விட்டுக் கொடுத்து வருகிறவனைத் தூற்றாதீர்கள். எதை விட்டான், எதைப் பெற்றான், யாரைக் கேட்டான் என்று வினவுங்கள். வாக்குறுதி தருகிறவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சிரிப்பது அவனுக்கு விடுதலை அளிப்பதாகும். எந்த நாளுக்குள், எந்தச் சட்டத்தில், யார் பொறுப்பில் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அந்த நாள் வந்ததும் குறிப்பேட்டோடு அவன் வாயிலுக்குச் செல்லுங்கள். 1958 ஏப்ரலில் ஒரு பிரதமரின் வாயிலிலே திரண்டவர்கள், வாக்கை உடைக்கச் சொல்லித் திரண்டவர்கள். வாக்கைக் காக்கச் சொல்லித் திரள ஆளில்லை. அந்த இடத்தை நிரப்புவதே நம் வேலை!